மூடுவதா, நிரப்புவதா?

கணிதத் தேர்வில் ஓர் உருளையையோ கோளத்தையோ கொடுத்துக் கேள்வி கேட்டால், மாணவிகள் பலர் முதலில் செய்வது வினாவைப் படிப்பது அன்று, சூத்திரத்தைத் தேடுவதே. எது முதலில் நினைவுக்கு வருகிறதோ, அதில் ஆரத்தையும் உயரத்தையும் இட்டுப் பெருக்கிவிடுகிறார்கள். விடையாக ஓர் எண் வந்துவிடுகிறது. அந்த எண் டின் செய்யத் தேவையான தகரத்தைக் குறிக்கிறதா, டின்னுக்குள் இருக்கும் எண்ணெயைக் குறிக்கிறதா என்று கேட்டால் விழிக்கிறார்கள். விடைத்தாளில் 'சதுர செ.மீ.' என்று எழுதி, அதை அடித்து 'கன செ.மீ.' என்று எழுதி, அதையும் அடித்துவிட்டு மீண்டும் 'சதுர செ.மீ.' என்று எழுதியவர்களும் உண்டு.

இத்தனைக்கும் அதே மாணவிகள் வீட்டில் இந்தக் குழப்பத்துக்கு ஆளாவதே இல்லை. தலையணை தைக்க வேண்டுமென்றால், உறைக்குத் துணியை மீட்டர் கணக்கில் துணிக்கடையில் வாங்குகிறோம். உள்ளே அடைக்க இலவம் பஞ்சை நிறுத்து வாங்குகிறோம். துணிக்கடைக்காரரிடம் போய் 'ஒரு தலையணை கொள்ளும் அளவு துணி கொடுங்கள்' என்று யாரும் கேட்பதில்லை. துணி மூடுவதற்கு, பஞ்சு நிரப்புவதற்கு. மூடுவதை அளப்பது புறப்பரப்பு. நிரப்புவதை அளப்பது கன அளவு. தலையணை ஒன்றுதான், ஆனால் அதைப் பற்றிய கேள்விகள் இரண்டு. இந்த வேறுபாட்டைத் தையற்காரரும் கொத்தனாரும் உப்பளத் தொழிலாளியும் நன்கறிவர். பாடப்புத்தகத்தில்தான் இரண்டு சூத்திரங்களும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து அச்சாகி, அக்காள் தங்கையர்போல் ஒரே சாயலில் தோன்றி, நம்மை மயக்குகின்றன.

நம் முன்னோர் இவ்விரண்டையும் சொல்லிலேயே பிரித்து வைத்திருந்தனர். நிலத்துக்குக் குழி, மா, வேலி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. நெல்லுக்கு ஆழாக்கு, உழக்கு, உரி, படி, மரக்கால், கலம். 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு படி, 8 படி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம். 'ஒரு மா அரிசி' என்றோ, 'இரண்டு படி நிலம்' என்றோ சொன்னால் எழுத்தறியாத பாட்டியும் சிரித்துவிடுவார். மெட்ரிக் முறையில் எல்லாம் மீட்டர் என்னும் ஒரே சொல்லிலிருந்து பிறப்பதால் கணக்கிடுவது எளிதாயிற்று என்பது உண்மையே. ஆனால் 'சதுர', 'கன' என்னும் இரண்டு சிறு சொற்கள்மேல் முழுப் பொறுப்பும் விழுந்துவிட்டது. அந்தச் சிறு சொல்லை விட்டுவிட்டால் விடையில் பாதி போயிற்று என்று கொள்ளுங்கள்.

வீடு கட்டுமிடத்தில்

தரைக்கடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டுவதாக வைத்துக்கொள்வோம். உள் அளவு நீளம் 3 மீட்டர், அகலம் 2 மீட்டர், ஆழம் 1½ மீட்டர். எவ்வளவு தண்ணீர் பிடிக்கும்? 3 × 2 × 1½ = 9 கன மீட்டர். ஒரு கன மீட்டருக்கு 1,000 லிட்டர் என்பதால் 9,000 லிட்டர். உட்புறம் டைல்ஸ் ஒட்ட எவ்வளவு வாங்க வேண்டும்? அடித்தளம் 3 × 2 = 6 சதுர மீட்டர். நான்கு சுவர்களும் சேர்ந்து 2 × (3 + 2) × 1½ = 15 சதுர மீட்டர். ஆக 21 சதுர மீட்டர். மேல்மூடிக்கு டைல்ஸ் ஒட்டுவதில்லை. ஆகவே அதைக் கூட்டவில்லை. 'மொத்தப் புறப்பரப்பு' என்று சூத்திரத்தை மனப்பாடமாகச் சொல்பவர்கள் இங்கே 6 சதுர மீட்டர் டைல்ஸைக் கூடுதலாக வாங்கிவிடுவார்கள். எந்தெந்தப் பக்கம் மூடப்படுகிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டுமேயன்றி, சூத்திரம் அதைச் சொல்லாது.

இப்போது அதே தொட்டியின் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் இருமடங்காக்குங்கள். டைல்ஸ் 84 சதுர மீட்டர் ஆகும். அதாவது நான்கு மடங்கு. தண்ணீரோ 72,000 லிட்டர், எட்டு மடங்கு. தலையணைக்கும் இதே கதைதான். எல்லாப் பக்கமும் இருமடங்கான ஒரு பெரிய திண்டு தைத்தால் துணி நான்கு பங்கு போதும். பஞ்சு எட்டுப் பங்கு வேண்டும். பரப்பு இரண்டு திசைகளில் மட்டும் வளர்கிறது. கன அளவு மூன்று திசைகளிலும் வளர்கிறது. பரப்பால் கன அளவோடு ஈடுகொடுத்து ஓட முடியாது. இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னால் யானையின் கால் முதல் கைக்குழந்தையின் குல்லா வரை பலவற்றை இதுவே விளக்கப்போகிறது.

கட்டட வேலையில் இன்னொரு நுட்பமும் உண்டு. கூரைத் தளம் போட எத்தனை 'சதுர அடி' என்று கேட்டே கூலி பேசுவர். ஆனால் மணலும் ஜல்லியும் 'யூனிட்' கணக்கில் வரும். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. 600 சதுர அடித் தளத்தை 5 அங்குலக் கனத்தில் போட்டால் 250 கன அடிக் கான்கிரீட் வேண்டும். 6 அங்குலமாகப் போட்டால் 300 கன அடி. தளத்தின் பரப்பு ஒரு சதுர அங்குலம்கூட மாறவில்லை. கலவை மட்டும் 50 கன அடி கூடிவிட்டது. வீட்டுக்காரர் 'அதே 600 சதுர அடிதானே, செலவு ஏன் கூடியது?' என்று சண்டைக்குப் போனால் கொத்தனார் பாவம் என்ன செய்வார்!

அலகு மாற்றும்போதும் இதே கவனம் வேண்டும். ஓர் அடிக்கு 12 அங்குலம் என்றால் ஒரு சதுர அடிக்கு 144 சதுர அங்குலம். ஒரு கன அடிக்கு 1,728 கன அங்குலம். ஒரு சதுர மீட்டருக்கு 10,000 சதுர செ.மீ.; ஒரு கன மீட்டருக்கு 10,00,000 கன செ.மீ. எல்லாவற்றுக்கும் 100 என்று பெருக்கிவைப்பது தேர்வில் மதிப்பெண்ணை இழக்கச் செய்யும். வீட்டுக் கணக்கிலோ பணத்தையே இழக்கச் செய்யும்.

மழையை ஏன் மில்லிமீட்டரில் அளக்கிறார்கள்?

இது அறிவுள்ள கேள்வி. மழை என்பது நீர். நீரை லிட்டரில் அல்லவா அளக்க வேண்டும்? வானொலியில் '40 மில்லிமீட்டர் மழை' என்று ஏன் சொல்கிறார்கள்? மில்லிமீட்டர் நீளத்தின் அளவு ஆயிற்றே!

முற்றத்தில் ஓர் அகன்ற அண்டாவையும், பக்கத்தில் நேரான சுவருடைய ஒரு சிறு டம்ளரையும் வையுங்கள். மழை பெய்து ஓய்ந்ததும் பாருங்கள். அண்டாவில் தண்ணீர் மிகுதி, டம்ளரில் குறைவு. ஆனால் அண்டாவும் நேரான சுவருடையதாயின், இரண்டிலும் நீர் நிற்கும் உயரம் ஒன்றே. அண்டாவின் வாய் எத்தனை மடங்கு பெரிதோ அத்தனை மடங்கு மழையை அது வாங்கியது. அதே மடங்கு பெரிய அடிப்பரப்பில் அது பரவியும் நின்றது. கன அளவைப் பரப்பால் வகுத்தால் உயரம் கிடைக்கும். அந்த உயரம் பாத்திரத்தைப் பொறுத்ததன்று, மழையைப் பொறுத்தது. அதனால்தான் ஊருக்கெல்லாம் பொதுவான அளவாக உயரத்தைச் சொல்கிறார்கள். வாய் குறுகி வயிறு பருத்த குடத்தை வைத்தால் இந்தக் கணக்கு செல்லாது. மழைமானியில் புனலின் வாய்ப்பரப்பு உள்குழாயின் பரப்பைப்போல் 10 மடங்காக இருந்தால், 1 செ.மீ. மழை குழாயில் 10 செ.மீ. உயரம் நிற்கும், நுட்பமாக அளக்க வசதியாகிறது.

இனி இதைத் திருப்பிப் போடுங்கள். மொட்டைமாடியின் பரப்பு 100 சதுர மீட்டர். 1 செ.மீ. மழை பெய்தால் எவ்வளவு நீர்? 100 × 0.01 = 1 கன மீட்டர், அதாவது 1,000 லிட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 140 செ.மீ. மழை பெய்கிறது. அந்த ஒரு மாடியின்மேல் மட்டும் ஆண்டுக்கு 1,40,000 லிட்டர் விழுகிறது என்று பொருள். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்களே, அந்தச் சட்டத்துக்குப் பின்னால் நிற்பது இந்த எளிய பெருக்கல்தான். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற எவரும் இந்தக் கணக்கை அற்பமென்று எண்ணமாட்டார்.

அணைகளைப் பற்றிச் செய்தித்தாளில் வரும் எண்களிலும் இதே எச்சரிக்கை தேவை. மேட்டூர் அணை 1934ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது. அதன் முழு நீர்மட்டம் 120 அடி. அப்போது கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது ஆயிரம் மில்லியன் கன அடி, அதாவது 100 கோடி கன அடி. நீர்மட்டம் 60 அடியாக இருக்கும்போது அணையில் பாதித் தண்ணீர் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஏறக்குறைய கால் பங்குதான் இருக்கும். ஏனென்றால் அணை நேரான சுவருள்ள அண்டா அன்று. கீழே குறுகி மேலே விரியும் பள்ளத்தாக்கு. அடியில் ஓர் அடி உயரம் ஏறச் சிறிது நீர் போதும். மேலே அதே ஓர் அடி ஏறப் பெருவெள்ளம் வர வேண்டும். டெல்டா விவசாயிக்குத் தெரிய வேண்டியது அடிக்கணக்கு மட்டுமன்று, டி.எம்.சி. கணக்கும்தான்.

அணையின் நீர் வெயிலில் ஆவியாவது கன அளவைப் பொறுத்ததன்று. வானத்தைப் பார்த்திருக்கும் மேற்பரப்பைப் பொறுத்தது. 2017 ஏப்ரலில் வைகை அணையில் தெர்மகோல் அட்டைகளை மிதக்கவிட்டு ஆவியாதலைத் தடுக்க முயன்றதும், காற்று அவற்றைக் கரைக்கே திருப்பிக் கொண்டுவந்து சேர்த்ததும் நாடெங்கும் நகைப்பாயிற்று. கணிதம் படித்தவர்கள் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: மேற்பரப்பை மூடினால் ஆவியாதல் குறையும் என்னும் எண்ணத்தில் பிழையில்லை. ஆனால் எத்தனை சதுர கிலோமீட்டரை மூட வேண்டும், காற்று என்ன செய்யும் என்பதையும் பார்த்திருக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறானது தூத்துக்குடி உப்பளம். அங்கே ஆவியாவதுதான் வேண்டும். ஆகவே கடல்நீரை ஆழமான குளத்தில் தேக்காமல், அகன்று ஆழமற்ற பாத்திகளில் பரப்பி விடுகிறார்கள். அதே நீர், அதே வெயில். பரப்பு மட்டும் பெரிது. அணை கட்டுகிறவர் குறைந்த பரப்பில் நிறைந்த நீரை விரும்புகிறார்; உப்பு விளைவிப்பவர் குறைந்த நீருக்கு நிறைந்த பரப்பை விரும்புகிறார்.

ஒரு தாளும் சிறிது பொரியும்

இந்தச் சோதனையை வீட்டிலேயே செய்து பாருங்கள். 44 செ.மீ. நீளமும் 22 செ.மீ. அகலமும் உள்ள இரண்டு அட்டைத்தாள்களை வெட்டிக்கொள்ளுங்கள். ஒன்றை நீளவாக்கில் சுருட்டி, 22 செ.மீ. உயரமுள்ள குட்டையான குழாயாக ஒட்டுங்கள். மற்றதை அகலவாக்கில் சுருட்டி, 44 செ.மீ. உயரமுள்ள ஒல்லியான குழாயாக ஒட்டுங்கள். இரண்டுக்கும் வளைபரப்பு ஒன்றே: 44 × 22 = 968 சதுர செ.மீ. இரண்டையும் தாம்பாளத்தில் நிறுத்திப் பொரியைக் கொட்டி நிரப்பினால் எதில் மிகுதியாகக் கொள்ளும்? வகுப்பில் கேட்டுப் பாருங்கள். 'தாள் ஒன்றுதானே, இரண்டும் சமம்' என்பார்கள் பலர். 'உயரமானதுதான்' என்பார்கள் சிலர்.

கணக்குப் பார்ப்போம். குட்டைக் குழாயின் சுற்றளவு 44 செ.மீ.; ஆகவே ஆரம் 7 செ.மீ. அடிப்பரப்பு 22/7 × 7 × 7 = 154 சதுர செ.மீ. கன அளவு 154 × 22 = 3,388 கன செ.மீ. ஒல்லிக் குழாயின் சுற்றளவு 22 செ.மீ.; ஆரம் 3½ செ.மீ. அடிப்பரப்பு 38½ சதுர செ.மீ. கன அளவு 38½ × 44 = 1,694 கன செ.மீ. சரியாகப் பாதி! ஒல்லிக் குழாயை முதலில் நிரப்பி, அதில் உள்ளதைக் குட்டைக் குழாயில் கொட்டினால் பாதிக்குமேல் ஏறாது. கடையில் உயரமான புட்டியைப் பார்த்து 'இதில்தான் எண்ணெய் அதிகம்' என்று கை நீட்டுமுன், லேபிலில் அச்சிட்ட மில்லிலிட்டரைப் படிக்க வேண்டுமென்று இந்தத் தாள் சொல்கிறது. கலிலியோ 1638இல் வெளியிட்ட 'இரு புதிய அறிவியல்கள்' என்னும் நூலில், ஒரே துணியில் தைத்த இரண்டு தானியச் சாக்குகளை வைத்து இதே செய்தியை விளக்கியிருக்கிறார்.

பரப்பு மாறாமல் கன அளவு மாறுவதைக் கண்டோம். கன அளவு மாறாமல் பரப்பு மாறுவதையும் காணலாம். ஒரு செ.மீ. பக்கமுள்ள எட்டுக் கனச்சதுரங்களை ஒரே வரிசையாக ஒட்டினால் புறப்பரப்பு 34 சதுர செ.மீ. நான்கு நான்காக இரண்டு வரிசையில் அடுக்கினால் 28. இரண்டுக்கு இரண்டுக்கு இரண்டாக ஒரு பெரிய கனச்சதுரமாக்கினால் 24தான். எட்டும் அதே எட்டு. பொட்டலம் கட்டும் கடைக்காரர் இதைப் பள்ளிக்கூடம் போகாமலேயே கண்டுபிடித்து, குறைந்த தாளில் கட்டிக் கொடுக்கிறார்.

அடுப்பங்கரையில் இதன் மறுபக்கம் தெரியும். வெங்காயச் சாம்பார் வைக்கச் சின்ன வெங்காயம் உரிப்பதைப் போன்ற சலிப்பான வேலை வேறில்லை. ஏன்? 6 செ.மீ. விட்டமுள்ள ஒரு பெரிய வெங்காயத்துக்கு ஈடாக, 2 செ.மீ. விட்டமுள்ள சின்ன வெங்காயம் 27 வேண்டும். இரண்டையும் கோளமென்றே கொள்வோம். உரிக்க வேண்டிய தோலின் பரப்போ மூன்று மடங்கு. கண்ணில் நீர் வழிவதும் அதற்கேற்பத்தான்! காப்பியை டம்ளரிலிருந்து டபராவில் ஊற்றி ஆற்றுவதும் இதே தத்துவம். 7 செ.மீ. வாயுள்ள டம்ளரில் காற்றுப்படும் பரப்பு 38½ சதுர செ.மீ. 10½ செ.மீ. வாயுள்ள டபராவில் அது ஏறக்குறைய 87. காப்பி ஒரு சொட்டும் கூடவில்லை. சூடு வெளியேறும் வாசல் மட்டும் இருமடங்குக்கு மேல் அகன்றுவிட்டது. வெல்லத்தைத் தட்டிப் போட்டால் விரைவில் கரைவதும், விறகைப் பிளந்து போட்டால் விரைவில் பற்றுவதும் இவ்வகையே.

இதே பரப்பு, கவனிக்காவிட்டால், உயிரையும் வாங்கும். மூட்டையில் கிடக்கும் மாவு எளிதில் தீப்பிடிப்பதில்லை. அதே மாவு தூளாகிக் காற்றில் பறந்தால், ஒவ்வொரு துகளையும் சுற்றிக் காற்று. எரியக் காத்திருக்கும் பரப்பு பல்லாயிரம் மடங்கு. அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரில் 1878ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் ஒரு மாபெரும் மாவு ஆலை இவ்வாறே வெடித்து 18 பேர் மாண்டனர். வெடிமருந்து ஏதும் அங்கில்லை, கோதுமை மாவுதான். மாவு மில்லில் புகைபிடிக்கக் கூடாது என்று எழுதி வைத்திருந்தால் அது அலங்காரத்துக்காக அன்று.

நம் உடலில்

ஒரு பொருள் பெரிதாகும்போது கன அளவு பரப்பை முந்திவிடுகிறது என்று மேலே கண்டோம். சிறிதாகும்போது பரப்பு முந்துகிறது. பிறந்த குழந்தையின் எடை 3 கிலோ என்றால் தோலின் பரப்பு சுமார் 0.2 சதுர மீட்டர். 60 கிலோ எடையுள்ள தாய்க்குச் சுமார் 1.6 சதுர மீட்டர். கிலோவுக்கு இவ்வளவு தோல் என்று வகுத்துப் பாருங்கள்: தாய்க்கு 270 சதுர செ.மீ. அளவு, சேய்க்கோ 670 அளவு, ஏறத்தாழ இரண்டரை மடங்கு. உடம்பில் சூடு பிறப்பது உள்ளே, கன அளவில். அது வெளியேறுவது தோலின் பரப்பு வழியே. ஆகவே குழந்தை நம்மைவிட மிக விரைவில் குளிர்ந்துபோகும். நமக்குச் சுகமாகத் தோன்றும் காற்று அதற்குக் குளிர். உடம்போடு ஒப்பிட்டால் குழந்தையின் தலை பெரிது. ஆகவே தலை வழியே போகும் சூடும் மிகுதி. பாட்டிமார் பச்சிளங்குழந்தைக்குக் குல்லா போடச் சொல்வது வெறும் பழக்கமன்று. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இந்த விகிதம் இன்னும் கூடுதல். தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் 1978ஆம் ஆண்டு, இன்குபேட்டர் போதாத நிலையில், மருத்துவர் எட்கர் ரே சனாப்ரியா அத்தகைய குழந்தைகளைத் தாயின் மார்போடு தோலோடு தோலாக அணைத்து வைக்கும் முறையைத் தொடங்கினார். 'கங்காரு முறை' என்று அது இன்று உலகெங்கும் வழங்குகிறது. குழந்தையின் புறப்பரப்பில் பாதியைக் குளிர்ந்த காற்றிடமிருந்து பிடுங்கித் தாயின் சூட்டிடம் ஒப்படைப்பதுதான் அதன் கணக்கு.

தீக்காயம் பட்டவரை மருத்துவர் பார்க்கும்போது, காயத்தின் ஆழத்தோடு, உடலின் பரப்பில் நூற்றுக்கு எத்தனை பங்கு வெந்திருக்கிறது என்றும் கணிக்கிறார். நோயாளியின் விரல்களோடு கூடிய உள்ளங்கை ஏறத்தாழ ஒரு விழுக்காடு. உடம்பின் நீர் கசிந்து போவது வெந்த பரப்பு வழியேதான் என்பதால் அந்த விழுக்காடு மிகவும் முக்கியம். ஆனால் குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து கொடுக்கும்போது எடையைக் கேட்கிறார். எடை கன அளவின் தோழி. புற்றுநோய்க்கான மருந்துகள் பலவற்றையோ உடலின் பரப்பைக் கணக்கிட்டுக் கொடுக்கிறார்கள். எந்தக் கேள்விக்கு எந்த அளவு என்பது மருத்துவமனையிலும் இருக்கிறது.

உடலுக்குள் இயற்கை செய்திருக்கும் சாமர்த்தியமும் வியப்புக்குரியது. நிறைந்த மூச்சில் நம் நுரையீரல் கொள்ளும் காற்று சுமார் 6 லிட்டர். ஒரு சிறு வாளி அளவுகூட இல்லை. ஆனால் அதனுள் இருக்கும் கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகளின் சுவரை விரித்துப் போட்டால் சுமார் 70 சதுர மீட்டர். பெரிய வகுப்பறையின் தரை அளவு. சிறு இடத்தில் பெரும் பரப்பு வேண்டுமென்றால் மடித்தும் பிரித்தும் வைப்பதே வழி. குடலின் உட்பரப்பும் அப்படியே. அது ஒரு டென்னிஸ் மைதானம் அளவு என்று பழைய நூல்களில் காணலாம். 2014இல் வெளியான ஆய்வு அதைச் சுமார் 30 சதுர மீட்டர் என்று குறைத்திருக்கிறது. அதுவும் சிறிதன்று.

பெரிய விலங்குகளின் கதை வேறு. யானையை எல்லாத் திசையிலும் இருமடங்காக்கினால் எடை எட்டு மடங்காகும். எலும்பு தாங்கும் வலிமையோ அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. அது நான்கு மடங்குதான் ஆகும். ஒவ்வொரு சதுர செ.மீ. எலும்பும் முன்னைவிட இருமடங்கு சுமக்க வேண்டும். கதைகளில் வரும் பனைமர உயர அரக்கன் மனிதனின் அச்சாகவே இருந்தால், எழுந்து நின்றதும் கால் முறிந்து விழுவான். யானையின் கால் மானின் காலைப்போல் ஒல்லியாக இல்லாமல் தூண்போல் பருத்திருப்பதன் காரணம் இதுவே என்று முன்பு சொன்ன நூலில் கலிலியோ காட்டினார். அந்தப் பெரிய உடம்பின் சூட்டை வெளியேற்றத் தோல் போதாததால், முறம்போன்ற இரு காதுகளும் யானைக்குக் கைகொடுக்கின்றன. எறும்போ கூரையிலிருந்து விழுந்தாலும் எழுந்து நடக்கும். அதன் சிறு எடைக்கு அதன்மேல் காற்று தடுக்கும் பரப்பு மிகப் பெரிது. இவற்றையெல்லாம் சுவையாக விளக்கி ஜே. பி. எஸ். ஹால்டேன் 1926இல் ஒரு கட்டுரை எழுதினார். அந்த ஆங்கிலேய அறிஞர் 1957இல் இந்தியாவுக்கே குடிவந்து, 1964இல் புவனேசுவரத்தில் காலமானார்.

கோளத்தின் வரலாறு

புறப்பரப்பும் கன அளவும் பல உருவங்களில் வெவ்வேறு வழியில் போகும்போது, ஓர் இடத்தில் அழகாகக் கைகோத்து வருகின்றன. 7 செ.மீ. ஆரமுள்ள ஒரு கோளம் அடக்கமாகப் பொருந்தும்படி ஓர் உருளை செய்தால், உருளையின் உயரம் 14 செ.மீ. அதன் மொத்தப் புறப்பரப்பு 924 சதுர செ.மீ.; கோளத்தின் புறப்பரப்பு 616. உருளையின் கன அளவு 2,156 கன செ.மீ.; கோளத்துக்கு 1,437⅓. இரண்டிலும் மூன்றில் இரண்டு பங்கு! இதைக் கண்டறிந்த ஆர்க்கிமிடீஸ், தம் கல்லறைமேல் கோளமும் உருளையும் பொறிக்க வேண்டுமென்று விரும்பினார். கி.மு. 212இல் அவர் கொல்லப்பட்டார். கி.மு. 75இல் சிசிலித் தீவில் அதிகாரியாக இருந்த ரோமானியர் சிசரோ, முட்புதர் மண்டிக் கிடந்த ஒரு கல்லறையை அந்த இரு உருவங்களைக் கொண்டே அடையாளம் கண்டார்.

நம் நாட்டில் ஆரியபட்டர் கி.பி. 499ஐச் சார்ந்த தம் நூலில், வட்டத்தின் பரப்பை அப்பரப்பின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் கோளத்தின் கன அளவு கிடைக்கும் என்றார். நம் 7 செ.மீ. கோளத்துக்கு அது ஏறக்குறைய 1,911 கன செ.மீ. என்று காட்டும், மூன்றில் ஒரு பங்கு மிகை. பூமியின் சுழற்சியைச் சொன்ன மேதையின் நூலிலேயே கோளம் இப்படி நழுவியிருக்கிறதென்றால், பத்தாம் வகுப்பு மாணவியைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வருவதில்லை. 1150இல் பாஸ்கரர் எழுதிய 'லீலாவதி'யில் சரியான வழி இருக்கிறது: வட்டப்பரப்பை நான்கால் பெருக்கினால் கோளத்தின் புறப்பரப்பு, அதை விட்டத்தால் பெருக்கி ஆறால் வகுத்தால் கன அளவு. 154 × 4 = 616. 616 × 14 ÷ 6 = 1,437⅓. லீலாவதி பாஸ்கரரின் மகள் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியாயினும், அந்நூலின் கணக்குகள் பல ஒரு பெண்ணை விளித்தே கேட்கப்பட்டுள்ளன.

பாஸ்கரரின் அந்த விதியில் இன்னொரு நன்மையும் உண்டு. முதலில் பரப்பு, பிறகு அதிலிருந்து கன அளவு என்று படிப்படியாகப் போவதால், எது எங்கே முடிந்தது என்பது கண்முன் நிற்கும். சூத்திரம் மறந்துபோன தேர்வு நாளில் இது கைகொடுக்கும்.

இனி உங்களுக்கு ஒரு கணக்கு. கிறிஸ்துமஸ் பலகாரத்துக்காக ஒரே அளவு மாவை இருவர் பங்கிட்டுக்கொண்டனர். அக்காள் 6 செ.மீ. விட்டத்தில் 10 லட்டுகள் பிடித்தாள். தங்கை 3 செ.மீ. விட்டத்தில் பிடித்தாள். லட்டின் மேல்புறம் முழுவதும் தேங்காய்த் துருவலில் புரட்ட வேண்டும். அக்காளுக்குத் துருவல் 200 கிராம் செலவாயிற்று. தங்கை எத்தனை லட்டுகள் பிடித்திருப்பாள்? அவளுக்கு எத்தனை கிராம் துருவல் வேண்டும்? லட்டுகளை அடுக்கி வைக்க அம்மா ஒரே அளவில் இரண்டு டப்பாக்கள் கொடுத்தார். அக்காளின் லட்டுகள் அவள் டப்பாவில் அடங்கின. தங்கையின் லட்டுகள் மற்ற டப்பாவில் அடங்குமா? கடைசிக் கேள்விக்குச் சூத்திரம் மட்டும் போதாது; லட்டு பிடித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.